மாடலரில் கிட்டார் வாசிக்கிறீர்களா? மேடைக்கு முன் பேட்ச்களின் வால்யூமைச் சமன் செய்வது எப்படி

மாடலர் (ஆம்ப், எஃபெக்ட் பெடல்களின் சவுண்டை டிஜிட்டலாக உருவாக்கித் தரும் கருவி) வாங்கிய புதிதில் இரண்டு வாரம் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கிளீன் (டிஸ்டார்ஷன் இல்லாதது), கிரஞ்ச் (லேசான டிஸ்டார்ஷன்), லீட் (சோலோவுக்கு) என்று மூன்று பேட்ச், அதாவது சேமித்து வைக்கும் சவுண்ட் செட்டிங், செய்து வைத்திருந்தேன். வீட்டில் மூன்றும் ஒரே அளவில்தான் கேட்டன. மேடையில் லீட் பேட்ச்சை மிதித்ததும் கிட்டார் டிரம்ஸுக்குள் காணாமல் போனது. கிளீனுக்கு மாறியபோது முதல் ஸ்ட்ரோக்கிலேயே பாடகர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாடலர் மேல் குற்றமில்லை. மெதுவான சத்தத்தில், தனியாகக் கேட்டு அளவு வைத்ததுதான் தவறு.

நம் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனியும் உச்சத்தொனியும் காதுக்கு மங்கலாகவே எட்டும். அதனால் வீட்டில் பேஸையும் டிரெபிளையும் தூக்கி வைப்போம், மிட் (நடுத்தொனி) தானாகக் குறைந்துவிடும். அதே பேட்ச் மேடைச் சத்தத்துக்குப் போனால் கீழே குமுறும், மேலே குத்தும், கிட்டாரைத் தூக்கிக் காட்ட வேண்டிய மிட் மட்டும் இருக்காது.

சரி, வேலையை ஆரம்பிக்கலாம்.

படி 1: குமிழ்களை ஒரு நிலையில் நிறுத்துங்கள்

கிட்டாரின் வால்யூம் குமிழை முழுக்கத் திறந்து வையுங்கள். மாடலரின் பெரிய அவுட்புட் குமிழை ஒரு இடத்தில் வைத்து, அங்கே சின்னதாக டேப் ஒட்டிவிடுங்கள். ஹெலிக்ஸ் போன்ற மாடலர்களில் இந்தக் குமிழ் எந்த அவுட்புட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று குளோபல் செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கலாம். மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் கேபிள்) அவுட்புட்டை அதிலிருந்து பிரித்துவிட்டால் மேடையில் பாதிக் கவலை தீர்ந்தது. உங்கள் மானிட்டரை எவ்வளவு கூட்டினாலும் சவுண்ட் இன்ஜினியருக்குப் போகும் அளவு மாறாது. எக்ஸ்எல்ஆர் மைக் லெவலில் இருக்கிறதா, அதைவிடப் பலமான லைன் லெவலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மைக் இன்புட்டில் லைன் லெவலைக் கொடுத்தால் சவுண்ட் அங்கேயே உடைந்துவிடக்கூடும்.

படி 2: மேடை அளவுக்குச் சத்தம் வையுங்கள்

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, மேடையில் பயன்படுத்தப்போகும் மாதிரியான முழு ரேஞ்ச் ஸ்பீக்கரில் போடுங்கள். ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும். துல்லியமாக இருக்காது, ஆனால் 90 டெசிபலுக்குப் பக்கத்தில் இருக்கிறோமா என்று தெரிந்துவிடும். பத்து நிமிடம் வேலை, பிறகு ஓய்வு என்று செய்யுங்கள். காதைக் காக்கச் சொல்லப்படும் அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம்தான். போன காது திரும்பி வராது.

படி 3: கிளீன் பேட்ச்சை அளவுகோலாக வையுங்கள்

ஏன் கிளீன்? அதில்தான் பிக் கம்பியில் படும் அந்த முதல் நொடியின் உச்சம் அப்படியே வெளியே வரும், உச்சவரம்பை முதலில் தொடுவதும் அதுதான். திறந்த ஈ கார்டைப் பிடித்து, நிகழ்ச்சியில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அதைவிடக் கொஞ்சம் ஓங்கி ஆறு கம்பியும் சேர அடியுங்கள். மீட்டர் சிவப்பைத் தொட்டால் குறையுங்கள். உச்சத்துக்கும் மீட்டரின் மேல் எல்லையான பூஜ்யத்துக்கும் நடுவே 6 டெசிபலாவது மிச்சம் இருக்கட்டும். டிஜிட்டலில் அந்த எல்லையைத் தாண்டி கிளிப் ஆனால் (உச்சம் வெட்டுப்பட்டால்) வால்வ் ஆம்ப்பின் இனிமையான டிஸ்டார்ஷன் வராது, பட்பட்டென்று முறிகிற சத்தம்தான் வரும்.

படி 4: மற்ற பேட்ச்களை அதோடு ஒப்பிடுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு டிரம்ஸ், பேஸ் டிராக்கை ஓட விடுங்கள். அதன் மேல் நாலு பார் கிளீனில் வாசியுங்கள், நிறுத்தாமல் அதே நாலு பாரை கிரஞ்சில் வாசியுங்கள், மறுபடி கிளீன். எது முன்னே வருகிறது, எது பின்னே போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

மீட்டரைப் பார்த்துச் சமன் செய்யாதீர்கள். டிஸ்டார்ஷன் சவுண்ட் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதில் உச்சமும் சராசரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிளீனிலோ உச்சம் எங்கோ இருக்கும், சராசரி கீழே கிடக்கும். மீட்டரில் இரண்டும் ஒரே கோட்டைத் தொட்டால், தனியாகக் கேட்கும்போது டிஸ்டார்ஷன்தான் சத்தமாகத் தெரியும். உடனே அதைக் குறைத்துவிடுவோம். பேண்ட் சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகும். சிம்பலும் பேஸும் அந்த நசுங்கிய சவுண்டை மூடிவிடும், கிளீனின் கூர்மையான அடி மட்டும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எனக்கு நடந்தது இதுவேதான். டிராக் ஓடும்போதே சமன் செய்யச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று: அளவை மாற்ற ஆம்ப் பிளாக்கில் இருக்கும் சேனல் வால்யூமை (சில மாடலர்களில் வெறும் லெவல் என்று இருக்கும்) மட்டும் தொடுங்கள். டிரைவ், மாஸ்டர் இரண்டையும் தொட்டால் டோனும் சேர்ந்து மாறும்.

படி 5: சோலோவுக்கு ஒரு பூஸ்ட்

3 அல்லது 4 டெசிபல் போதும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அவ்வளவு ஏற்றினால் பாட்டே கெட்டுவிடும். பூஸ்டை ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் கெயின்தான் (டிஸ்டார்ஷனின் அளவு) கூடும், வால்யூம் பெரிதாக ஏறாது. ஆம்ப்புக்குப் பின்னால், டிலேவுக்கு (எதிரொலி எஃபெக்ட்) முன்னால் வையுங்கள். சோலோ முடிந்து பூஸ்டை அணைத்தாலும் கடைசி நோட்டின் டிலே வெட்டுப்படாமல் இயல்பாக அடங்கும். அப்படியும் சோலோ தெரியவில்லை என்றால் வால்யூமை விட்டுவிட்டு 800 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மிட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

படி 6: சவுண்ட் செக்

சவுண்ட் இன்ஜினியருக்கு முதலில் உங்கள் சோலோ சவுண்டைக் கொடுங்கள், அப்புறம் கிளீனில் ஒரு பலமான கார்டு. இந்த இரண்டையும் வைத்து அவர் மிக்சரின் இன்புட் கெயினைச் செட் செய்துகொள்வார். மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டு நிகழ்ச்சியில் ஓங்கி அடிக்காதீர்கள்.

அரங்கம் குமுறினால் ஒவ்வொரு பேட்ச்சாகத் திறந்து திருத்த வேண்டாம், எல்லாப் பேட்ச்சுக்கும் சேர்த்துத் தொனியைக் கூட்டிக் குறைக்கும் குளோபல் ஈக்யூவில் கை வையுங்கள். கிட்டாரின் தடித்த ஈ கம்பியே ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ்தான். அதனால் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் லோ கட் (அதற்குக் கீழே இருப்பதை வெட்டுவது) போட்டால் கிட்டாருக்கு இழப்பு அதிகமில்லை, பேஸுக்கும் கிக்குக்கும் இடம் கிடைக்கும். காதைக் குத்தினால் 7000 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை கட். நிகழ்ச்சி முடிந்ததும் இந்த ஈக்யூவை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த அரங்கத்துக்கு அது ஒத்துவராது.