முதலில் ஊர், அப்புறம் ஆய்வாளர்: இத்தாலிய வம்சத்தைத் தேடும் வழி

என் கணவரின் கொள்ளுத்தாத்தா சிசிலியிலிருந்து கப்பலேறி நியூயார்க்கில் இறங்கியவர். அவருடைய வேர்களை ஒரு வம்சாவளி ஆய்வாளரை அமர்த்தித் தேடினோம். அதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இத்தாலியில் பதிவேடுகள் எல்லாம் ஊர் வாரியாகத்தான் இருக்கின்றன. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அந்தந்த ஊர் நகராட்சிதான் பதியும். அதை அங்கே கொமுனே என்பார்கள். நாடு முழுவதற்குமான ஒரே பெயர்ப்பட்டியல் கிடையாது. "சிசிலிக்காரர்" என்று மட்டும் சொல்லி ஆய்வாளரிடம் போனால், ஊரைக் கண்டுபிடிப்பதிலேயே உங்கள் பணம் கரைந்துவிடும். அந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தே நாம் செய்துவிடலாம்.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் என்றால் கப்பல் பயணிகள் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். 1907 முதல் அதில் பிறந்த ஊரையும், சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரையும் கேட்டு எழுதினார்கள். பட்டியல் இரண்டு பக்கத்துக்கு ஓடும். பிறந்த ஊர் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருக்கும். பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதோடு, 1906 செப்டம்பருக்குப் பிந்தைய அமெரிக்கக் குடியுரிமை மனுக்களையும் பாருங்கள். குடியேற வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள். அதனால் இத்தாலிய எழுத்துக்கூட்டலிலேயே தேடுங்கள். திருமணமான பெண்களைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரில் தேடுங்கள். இத்தாலிய ஆவணங்களில் அவர்கள் கடைசி வரை அந்தப் பெயரில்தான் இருப்பார்கள்.

ஊர்ப்பெயர் கிடைத்தும் வரைபடத்தில் இல்லையென்றால் பதற வேண்டாம். எங்களுக்குக் கிடைத்தது ஜிர்ஜெந்தி. 1927-இல் அதற்கு அக்ரிஜெந்தோ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து, இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் அன்டெனாட்டி தளம். பல மாகாணங்களின் பதிவேடுகளை அங்கே பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். சிசிலியில் அரசுப் பதிவு 1820-இலும், தென் இத்தாலியின் பிற பகுதிகளில் பெரும்பாலும் 1809-இலும் தொடங்குகிறது. வடக்கில் பல இடங்களில் நெப்போலியன் காலத்தில் சில ஆண்டுகள் இருந்து நின்றுபோய், 1866-இலோ 1871-இலோதான் மறுபடி ஆரம்பிக்கிறது. உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் ஆய்வாளரின் வேலையே அமையும். வடக்கு என்றால் அவர் சீக்கிரமே தேவாலயப் பதிவேடுகளுக்குப் போயாக வேண்டும்.

ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும்போது "இத்தாலி முழுக்கச் செய்வேன்" என்பவரைவிட, உங்கள் மாகாணத்துக் காப்பகத்தில் அடிக்கடி உட்காருபவரே மேல் என்பேன். பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் காப்பகம், ஆண்டு, பதிவு எண், ஆவணத்தின் படம் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்த ஆண்டுகளைத் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுபவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து வருபவர் அதே பக்கங்களை உங்கள் செலவில் மறுபடி புரட்டுவார். மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள். பயணச் செலவு தனியா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வேலையைக் கேள்வியாகக் கொடுங்கள். "எங்கள் குடும்ப மரம் வேண்டும்" என்பதைவிட "இன்னாருடைய பெற்றோர் எந்த ஆண்டு, எந்த ஊரில் மணந்தார்கள்?" என்பது நல்ல கேள்வி.

தெற்கத்தியக் குடும்பம் என்றால் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது திருமண இணைப்புக் கட்டு. சிசிலியும் தென் இத்தாலியும் சேர்ந்த இரு சிசிலிகள் அரசு இருந்த காலத்தில், கல்யாணத்துக்கு முன் மணமக்கள் ஒரு கட்டு ஆவணம் கொடுக்க வேண்டும். இருவரின் பிறப்புப் பதிவு நகல் அதில் இருக்கும். பெற்றோர் இறந்திருந்தால் இறப்புப் பதிவு நகலும் இருக்கும். தகப்பன் இல்லாவிட்டால் தகப்பன்வழித் தாத்தாவின் சம்மதம் தேவை; அவரும் இல்லையென்றால் அவருடைய இறப்புப் பதிவையும் வைத்தாக வேண்டும். எங்கள் ஆய்வாளர் 1850களின் ஒரு திருமணக் கட்டைத் திறந்தபோது, மாப்பிள்ளையின் தாத்தா இறந்த நாளும் வயதும், அந்தத் தாத்தாவைப் பெற்றவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. பிரான்ஸில் புரட்சி வெடிப்பதற்கு முன்பே பிறந்த மனிதர்! அந்தத் தாளைப் பார்த்த என் மாமியார் வெகுநேரம் பேசவே இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் ஆய்வாளர் சொல்வதை அப்படியே ஏற்காமல் குறுக்குக் கேள்வி கேளுங்கள். மூத்த மகனுக்குத் தகப்பன்வழித் தாத்தாவின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தால், ஒரே பெயரில் ஒரே ஊரில் நான்கு பேரன்கள் இருப்பார்கள். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கும் அதே பெயரை வைப்பார்கள். ஆகவே இவர்தான் நம்மவர் என்பதற்குத் தாயின் பெயரும் பொருந்துகிறதா, அதே பெயரில் ஒரு குழந்தை சிறுவயதில் இறந்திருக்கிறதா என்று கேளுங்கள். தகப்பன் பெயருக்கு முன்னால் 'ஃபூ' என்று இருந்தால் அப்போது அவர் உயிரோடு இல்லை. 'தி' என்று இருந்தால் உயிரோடு இருக்கிறார். இறந்த ஆண்டைக் குறுக்க இந்தச் சின்னச் சொல் ரொம்ப உதவும்.

இத்தாலியக் குடியுரிமைக்காகத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2025 மார்ச் இறுதியில் வந்த ஆணையும் அதைத் தொடர்ந்து வந்த 74-ஆம் எண் சட்டமும் விதிகளை இறுக்கிவிட்டன. இத்தாலிக்கு வெளியே பிறந்தவர்கள் பொதுவாகப் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வழியாகத்தான் இப்போது கோர முடியும். ஆய்வாளர் ஆவணத்தைக் கண்டுபிடித்துத் தருவார். தகுதி உண்டா என்று சொல்ல வேண்டியவர் வழக்கறிஞர்.

சிசிலியில் 1820-க்கு முந்தைய தலைமுறைகளுக்குத் தேவாலயம்தான் வழி. பழைய ஏடுகள் சில ஊர்களில் பங்குத்தந்தையிடம் இருக்கும், சில ஊர்களில் மறைமாவட்டக் காப்பகத்துக்குப் போயிருக்கும். உள்ளூர் ஆய்வாளருக்கு அங்கே அறிமுகம் இருப்பது பெரிய பலம். ஆனால் அரசுப் பதிவுகளில் சங்கிலி அறுபடாமல் வந்துவிட்டது என்று உறுதியான பிறகே இந்தக் கட்டத்துக்குப் பணம் கொடுங்கள்.