பிடிச்ச ராக் பேண்டை நேர்ல பாக்கப் போறீங்களா? நான் பண்ணின தப்பையெல்லாம் நீங்களும் பண்ணாதீங்க

பதினஞ்சு வருஷம் ஹெட்போன்லயே கேட்டுட்டு இருந்த ஐயர்ன் மெய்டன்ங்கற இங்கிலாந்து மெட்டல் பேண்டை நான் முதல்முறையா நேர்ல பாத்தது 2018ல ஆரம்பிச்ச லெகசி ஆஃப் தி பீஸ்ட் டூர்ல. பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த டூர்ல ஷோ ஆரம்பிக்கிறதே சர்ச்சிலோட பேச்சுல தான், அது முடிஞ்ச உடனே ஏசஸ் ஹை பாட்டு, கூடவே பெருசா ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் பேண்டோட தலைக்கு மேலயே ஆடிக்கிட்டு நிக்கும். யூடியூப்ல அத நூறு தடவ பாத்திருப்பேன். அந்த விமானம் மேல வந்தப்ப நான் எங்க இருந்தேன்னு கேளுங்க, டி-ஷர்ட் க்யூவுல.

கொடுமை என்னன்னா எனக்கு முன்னாடியே சிக்னல் கிடைச்சுது, புரிஞ்சுக்கத்தான் தெரியல. மெய்டன் ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல யூஎஃப்ஓங்கிற பேண்டோட டாக்டர் டாக்டர் பாட்ட போடுவாங்க, ரொம்ப வருஷமா அதான் வழக்கம், அது வந்துட்டா பாட்டு முடிஞ்சதும் லைட் ஆஃப் ஆகப்போகுதுன்னு அர்த்தம். நான் சும்மா நேரம் போகப் போடுறாங்கன்னு நெனச்சு தலைய வேற ஆட்டிட்டு நின்னேன். எனக்கு முன்னாடி நின்ன ஆளு, கவுண்டருக்கு அடுத்தது அவர்தான், பாட்டு ஆரம்பிச்ச ரெண்டாவது செகண்ட்ல க்யூவ விட்டுட்டு ஒரே ஓட்டம். நான் என்ன நெனச்சேன்னா, அப்பாடா ஒரு ஆள் கொறஞ்சுதுன்னு. அப்புறம் உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துது பாருங்க, அப்பத்தான் வயித்துல புளியக் கரைச்சுது. டி-ஷர்ட்ட சைஸ் கூட பாக்காம சுருட்டிட்டு ஓடினேன், நான் உள்ள போகவும் பாட்டு முடியவும் சரியா இருந்துச்சு. அந்த டி-ஷர்ட் எனக்கு பத்தவும் இல்ல.

அதனால மொத தப்பு இதுதான், பாட்டெல்லாம் மனப்பாடமா தெரியும் ஆனா அந்த பேண்டோட ஷோ எப்படி நடக்கும்னு தெரியாம போறது. எப்படி ஆரம்பிக்கும், எப்படி முடியும், நடுவுல பிரேக் இருக்கா, ஸ்டேஜ் ஏறுற நேரம் என்ன, இதெல்லாம் டூர்ல முன்னாடி நடந்த ஷோக்கு போனவங்க எழுதியே வச்சிருப்பாங்க. டிக்கெட்ல இருக்கற நேரம் பெரும்பாலும் கேட் திறக்கற நேரமாவோ மெயின் பேண்டுக்கு முன்னாடி வர்ற மொத பேண்ட் வாசிக்கற நேரமாவோ தான் இருக்கும். முடியறதும் அப்படித்தான். கடைசிப் பாட்டுன்னு சொல்லி கை காட்டிட்டு போவாங்க, ஒரு கூட்டம் வண்டி எடுக்க ஓடும், அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து மூணு பாட்டு வாசிப்பாங்க. நான் பாத்த டூர்ல ஹாலோட் பி தை நேமும் ரன் டு தி ஹில்ஸும் அந்த என்கோர்ல தான் வந்துது. பார்க்கிங்ல நின்னு அத கேக்கறவன் நெலமைய யோசிச்சுப் பாருங்க. ஹால் லைட் முழுசா எரிஞ்சு, ஆளுங்க வந்து ஸ்டேஜ்ல வயர சுருட்ட ஆரம்பிச்சா தான் ஷோ முடிஞ்சுதுன்னு கணக்கு. மெய்டன் இதுல நல்லவங்க, மான்டி பைத்தான்ங்கற காமெடி குரூப்போட ஆல்வேஸ் லுக் ஆன் தி ப்ரைட் சைட் ஆஃப் லைஃப் பாட்ட போட்டு விட்டுருவாங்க, அது வந்தா நிம்மதியா வீட்டுக்கு கிளம்பலாம்.

அப்புறம் இந்த செட்லிஸ்ட் பஞ்சாயத்து, அதாவது ஷோல வாசிக்கப்போற பாட்டு லிஸ்ட். முன்னாடியே பாக்கலாமா கூடாதாங்கறது பேண்டப் பொறுத்தது. பேர்ல் ஜாம் மாதிரி பேண்டுங்க ஒவ்வொரு ராத்திரியும் லிஸ்ட்ட மாத்திக்கிட்டே இருப்பாங்க, நேத்து என்ன வாசிச்சாங்கன்னு பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. மெட்டாலிகா 2023ல ஆரம்பிச்ச டூர்ல ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி வாசிச்சா, மொத நாள் வாசிச்ச பாட்ட ரெண்டாம் நாள் வாசிக்கறதில்லன்னு வச்சிருந்தாங்க, ஒரு நாளைக்கு மட்டும் டிக்கெட் வாங்கிட்டு நமக்கு புடிச்ச பாட்டு வரலயேன்னு பொலம்பக் கூடாதுல்ல. மெய்டன் டூர் முழுக்க கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட்தான், பாத்தா சஸ்பென்ஸ் போச்சு. ஆனா சஸ்பென்ஸ விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, ஹிட் பாட்ட மட்டும் கேட்டுட்டு போகாதீங்க. 2022ல அதே டூரோட அடுத்த சுத்துல மொத மூணு பாட்டுமே முந்தின வருஷம் வந்த செஞ்சுட்சு ஆல்பத்துல இருந்து தான். அந்த ஆல்பத்த கேக்காமப் போனவன் மொத இருபது நிமிஷம் சாமி ஊர்வலத்துல வழி தவறினவன் மாதிரி முழிச்சிட்டு நிக்க வேண்டியதுதான். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்து புது ஆல்பத்த வேலை செய்யும்போது ஓட விடுங்க, புடிக்கலனாலும் பரவாயில்ல, காதுக்கு பழகினா போதும்.

இனிமே சொல்லப்போறதுக்கு சில பேர் சண்டைக்கு வருவீங்க. முன் வரிசைல தான் நிப்பேன்னு அடம் புடிக்காதீங்க. மூஞ்சி பாக்கணும்னா முன்னாடி, பாட்டு கேக்கணும்னா பின்னாடி, ரெண்டும் ஒரே எடத்துல கிடைக்காது. பெரிய ஸ்பீக்கரெல்லாம் ஸ்டேஜோட ரெண்டு பக்கமும் ஒசரத்துல தொங்கும், மொத்தக் கூட்டத்துக்கும் போய்ச் சேரணும்னு பாத்து அத தொங்க விட்டிருப்பாங்க, அதனால முன்னாடி நிக்கறவங்களுக்கு பாடறவர் குரல் பாதி தலைக்கு மேலயே போயிடும், தரைல இருக்கற பேஸ் ஸ்பீக்கர் மட்டும் நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கும், ஸ்டேஜ் மேல அடிக்கற டிரம்ஸ் நேரா மூஞ்சில வந்து விழும். ரொம்பப் பின்னாடி போனா வேற பிரச்சினை. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் தான் போகும், நூறு மீட்டர் தள்ளி நின்னா ஸ்க்ரீன்ல டிரம்ஸ் அடிச்சு கிட்டத்தட்ட கால் செகண்டுக்கு மேல கழிச்சுத்தான் காதுக்கு வரும், பெரிய மைதானத்துல நடுவுல டவர் வச்சு தனியா ஸ்பீக்கர் போட்டு அதுக்கு வர்ற சத்தத்த கொஞ்சம் லேட்டாக்கி விடறது முன்னாடி இருந்து வர்ற சத்தத்தோட சேர்ந்து ஒலிக்கணும்னு தான்.

எனக்கு தெரிஞ்சு நல்ல எடம் மிக்ஸிங் டேபிளுக்கு பக்கத்துல, அதுக்கு கொஞ்சம் முன்னாடி. அந்த டேபிள்ல உக்காந்து ஷோ முழுக்க சவுண்ட சரி பண்றவர் என்ன கேக்கறாரோ அதத்தான் நீங்களும் கேப்பீங்க. ரெண்டு கம்பிய சேர்த்து வேலி போட்டிருப்பாங்க, சாஞ்சும் நிக்கலாம். ஒசரம் கம்மியா இருக்கறவங்களுக்கு இது பெரிய வரம், பின்னாடி இருந்து யாரும் தள்ள மாட்டாங்க. முன் வரிசை ஒரு தடவையாச்சும் பாக்கணும்னு ஆச இருந்தா ரெண்டாவது ஷோக்கு வச்சுக்கோங்க.

முன் வரிசைய வேணாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதுல நான் வெளையாட மாட்டேன். 1979 டிசம்பர்ல அமெரிக்காவோட சின்சினாட்டில தி ஹூங்கற பேண்டோட ஷோக்கு கதவு திறக்கறதுக்காக காத்திருந்த கூட்டம் நெருக்கி 11 பேர் செத்துப் போனாங்க. 2000ல டென்மார்க்கோட ரோஸ்கில்ட் இசைத் திருவிழால பேர்ல் ஜாம் வாசிச்சுட்டு இருக்கும்போதே முன்னாடி நெரிசல்ல 9 பேர். இந்த மாதிரி நெரிசல்ல பெரும்பாலும் மிதிபட்டு சாகறதில்ல, நின்ன எடத்துலயே நாலு பக்கமும் அமுக்கறதுல நெஞ்சு விரிய முடியாம மூச்சு நின்னு போகுது. கூட்டம் மொத்தமா அலை மாதிரி ஆட ஆரம்பிச்சு, உங்க கால் உங்க பேச்ச கேக்கலனா அதுதான் கிளம்ப வேண்டிய நேரம், அடுத்த பாட்டு எவ்ளோ நல்ல பாட்டா இருந்தாலும் சரி. கைய தொங்க விடாம நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வச்சுக்கோங்க, மூச்சு விட எடம் இருக்கும். அலைய எதுத்து தள்ளாதீங்க, அது போற போக்குல போயி, அடங்கற கேப்ல ஓரத்தப் பாத்து குறுக்கால நகருங்க. கத்தி கத்தி மூச்ச வீணாக்காதீங்க. எதாவது கீழ விழுந்தா குனியாதீங்க, ஃபோனா இருந்தாலும். ஆனா ஒரு ஆள் விழுந்தா சுத்தி இருக்கற எல்லாரும் சேர்ந்து தூக்கி விடணும், ஸ்டேஜுக்கு முன்னாடி இடிச்சு ஆடற மோஷ் பிட்ல எவ்ளோ முரட்டுத்தனமா இடிச்சுக்கிட்டாலும் இந்த ஒரு விஷயத்துல ரசிகர்கள் தங்கம்.

காலைல இருந்து கேட்டுல நின்னு, பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம, சாப்டாம, கடைசில மெயின் பேண்ட் வரும்போது மயங்கி விழறவங்கள ஒவ்வொரு ஷோலயும் பாக்கலாம். அவங்கள பத்தி புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

காது. இத நான் ரெண்டு நாள் அனுபவிச்சேன், ஷோ முடிஞ்சு வந்து படுத்தா தலமாட்டுல கொசு பாடற மாதிரி ஒரே ங்ங்ங்ங், எந்திரிச்சு லைட்ட போட்டு கொசுவ வேற தேடினேன். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம்னு வேலை செய்யற எடத்துக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிடும், அந்தக் கணக்குல 100 டெசிபல்னா 15 நிமிஷம் தான். ராக் ஷோ அந்த 100ஐ சுத்தித்தான் இருக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு. வாசிக்கறவங்களே தப்பிக்கல, தி ஹூவோட பீட் டவுன்ஷெண்டுக்கு காது போச்சு, 2016ல ஏசி டிசி பேண்டோட பாடகர் ப்ரையன் ஜான்சன் காது முழுசா போயிடும்னு டாக்டர் சொன்னதால டூர பாதில விட்டாரு, மிச்ச ஷோவுக்கு கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் வந்து பாடினாரு. இயர்பிளக் வச்சா பாட்டு நல்லா கேக்காதுன்னு சொல்றது பாதி உண்மை. மஞ்ச கலர் பஞ்சு மாதிரி வர்றது டிரம்ஸோட சிம்பல் தட்டு, கிடார் சத்தத்தயெல்லாம் அதிகமா அமுக்கிடும், போர்வைக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கும். மியூசிசியன்ஸ் வைக்கற ஃபில்டர் டைப் இருக்கு, அது எல்லா சத்தத்தயும் கிட்டத்தட்ட ஒரே அளவுல கொறைக்கும், பாட்டு அப்படியே இருக்கும், வால்யூம் மட்டும் கம்மி. சொல்லப்போனா வரிகள் இன்னும் தெளிவாவே கேக்கும். பஞ்சு டைப் தான் இருக்குன்னா நல்லா உருட்டி மெல்லிசாக்கி, இன்னொரு கையால காத மேல பின்னாடி இழுத்துப் புடிச்சு உள்ள விட்டு, அது உப்பி அடைக்கற வரைக்கும் விரலால அழுத்திப் புடிங்க, சும்மா வாசல்ல ஒட்ட வச்சா ஒரு புண்ணியமும் இல்ல. காது வலிக்க ஆரம்பிச்ச அப்புறம் தேடாம மொத பாட்டுக்கு முன்னாடியே வைங்க.

ஃபோன் மேட்டர்ல நானும் ரொம்ப யோக்கியன் இல்ல. ஃபியர் ஆஃப் தி டார்க் பாட்டுல மெய்டன் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் கைல லாந்தரோட வருவாரு, கிடார் வாசிக்கற அந்த டியூனையே மொத்தக் கூட்டமும் ஓஓஓன்னு பாடும், மயிர்க்கூச்செறியும். அத முழுசா ரெக்கார்ட் பண்ணினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா ப்ரூஸ் ஒரு வெள்ளப் புள்ளி, பேஸ் வர்ற எடத்துல எல்லாம் கரகர, அதுக்கு மேல சுதியே இல்லாம ஒரு ஆள் கதறிட்டு இருக்கான், நான் தான் அது. மைக்குக்கு பக்கத்துல இருக்கற வாய் நம்ம வாய் தான, வேற யாரு குரல் விழும். டூல் பேண்ட் கடைசிப் பாட்டுக்கு மட்டும் எடுத்துக்கோங்கன்னு சொல்லுவாங்க, மெய்டன் மேனேஜரும் 2025 டூருக்கு முன்னாடி ஃபோன ரொம்ப தூக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. ஒரு பாட்டுல ரெண்டு ஃபோட்டோ எடுத்துட்டு பாக்கெட்ல போட்டுடுங்க. பேட்டரி மிச்சம் பண்றது இன்னொரு விஷயத்துக்கும் உதவும், அம்பதாயிரம் பேர் இருக்கற எடத்துல நெட்வொர்க் படுத்துடும், பிரிஞ்சு போன ஃப்ரெண்ட கண்டுபுடிக்க முடியாது, எங்க சந்திக்கறதுன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே பேசி வைங்க. டிக்கெட்டயும் வீட்ல இருக்கும்போதே ஃபோன் வாலெட்ல ஏத்திடுங்க, பார்கோட் மாறிட்டே இருக்கற டிக்கெட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட் செல்லாது.

மொத பேண்ட் யாருன்னு தெரியாதுன்னு லேட்டா போறதும் வேணாம். 1967ல மங்கீஸ்ங்கற பாப் பேண்டோட ஷோக்கு முன்னாடி வாசிச்சது கிடார் ஜாம்பவான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், அவர வாசிக்க விடாம கூட்டம் மங்கீஸ் வேணும்னு கத்துச்சு. அந்தக் கூட்டத்துல இருந்தவங்க பேரப்புள்ளைங்க கிட்ட இத எப்படி சொல்லிருப்பாங்களோ.

அடுத்த டூர்ல பாத்துக்கலாம்ங்கற தப்பையும் சொல்லணும், இத பண்ணினது என் ஃப்ரெண்ட். 1982ல இருந்து மெய்டன்ல டிரம்ஸ் வாசிச்ச நிக்கோ மெக்ப்ரெய்னுக்கு 2023 ஆரம்பத்துல ஸ்ட்ரோக் வந்துது, அதுக்கப்புறமும் சமாளிச்சு ரெண்டு வருஷம் வாசிச்சாரு, 2024 டிசம்பர்ல டூர் போறத விட்டுட்டாரு. என் ஃப்ரெண்ட் நிக்கோவுக்காகவே டிரம்ஸ் கத்துக்கிட்டவன். 2025ல நாங்க சேர்ந்து போனப்ப டிரம்ஸ்ல சைமன் டாசன், நல்லா தான் வாசிச்சாரு, இவன் மட்டும் அப்பப்ப டிரம்ஸ் பக்கம் பாத்துட்டு ஒண்ணும் பேசாம நின்னான்.

அன்னிக்கு நாங்க மிக்ஸிங் டேபிளுக்கு முன்னாடி, காதுல பிளக், வயித்துல சாப்பாடு, கேட் திறந்த உடனேயே வாங்கின டி-ஷர்ட் இடுப்புல. ஸ்பீக்கர்ல டாக்டர் டாக்டர் ஆரம்பிச்சுது. பக்கத்துல நின்ன சின்னப் பையன் அவன் ஃப்ரெண்டு கிட்ட, டேய் இன்னும் ஆரம்பிக்கல, ஓடிப் போய் டி-ஷர்ட் வாங்கிட்டு வந்துடறேன்னு கிளம்பினான். முன்ன பின்ன தெரியாத பையன், சட்டையப் புடிச்சு இழுத்து நிறுத்திட்டேன்.