பச்சை ஈப் புழு: விரைந்து முதிர்வதா, பெருத்து முதிர்வதா? ஓர் எளிய சோதனை

செத்த விலங்கின் உடலில் பொரியும் பச்சை ஈப் புழுவுக்கு அந்த இறைச்சிதான் உணவு. அது தீர்வதற்கோ காய்வதற்கோ முன் தின்று முடிக்க வேண்டும் என்பதே அதன் கெடு. கூட்டிலிருந்து வெளிவந்த ஈ அதற்குப் பின் வளர்வதில்லை என்பதால், புழுவாக இருக்கையில் சேர்த்த எடையே ஈயின் அளவையும், பெண் ஈயாயின் அது இடும் முட்டைகளின் எண்ணிக்கையையும் பெரிதும் தீர்மானிக்கிறது. எடை கூடுவது வளர்ச்சி. அடுத்த பருவத்துக்கு மாறுவது முதிர்ச்சி. இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைப் பார்ப்பதே இச்சோதனை.

முதலில், ஒரே இனத்தின் முட்டைகள் வேண்டும். வெளியே வைத்த ஈரலில் பல இன ஈக்கள் முட்டையிடும் என்பதாலும், அவற்றுள் கிரைசோமியா ரூஃபிஃபேசீஸ் போன்றவற்றின் புழுக்கள் பிற புழுக்களையே தின்றுவிடும் என்பதாலும், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் லூசிலியா செரிகாட்டா என்னும் பச்சை ஈக்களின் முட்டைகளைப் பெறுவதே நல்லது.

அடுத்து, ஒன்பது பெட்டிகளில் தலா 30 கிராம் ஈரலை உலர்ந்த மரத்தூளின் மேல் சிறு தட்டில் வையுங்கள். பொரிந்தவுடன் புழுக்களை ஈரத் தூரிகையால் எடுத்து, மூன்று பெட்டிகளில் 30, மூன்றில் 90, மூன்றில் 300 என எண்ணி விடுங்கள். அதாவது, ஒரு புழுவுக்கு முறையே ஒரு கிராம், மூன்றில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு உணவு. மெல்லிய துணியால் வாயை இறுகக் கட்டுங்கள். முதன்முறை நான் தளர்வாகக் கட்டிவிட்டு, விடிந்ததும் புழுக்களைத் தரையில் தேடிப் பொறுக்கினேன். எல்லாப் பெட்டிகளும் 25 பாகை செல்சியசை ஒட்டிய ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். வெப்பம் கூடினால் முதிர்ச்சி விரைவுபட்டு ஈ சிறுத்துவிடும் என்பதாலும், புழுக் கூட்டம் தானே வெப்பத்தை உண்டாக்கும் என்பதாலும், ஈரலுக்குள்ளும் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள்.

நாளுக்கு இருமுறை, கையுறை அணிந்து, உருப்பெருக்கியால் புழுவின் மழுங்கிய பின்முனையைக் கவனியுங்கள். அங்குள்ள இரு மூச்சுத் தகடுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு பிளவுகள் இருந்தால், அது ஒருமுறை தோலுரித்த இரண்டாம் பருவம். மூன்று இருந்தால், இருமுறை தோலுரித்த மூன்றாம் பருவம். மூன்றாம் பருவத்தில் முன்பகுதித் தோலின் ஊடே கருமையான தீனிப்பை தெரியும். அது சுருங்கி மறையும்போது புழு தின்பதை நிறுத்தி மரத்தூளுக்குள் இறங்கிவிடும். பாதிப் புழுக்கள் இறங்கிய நேரத்தைக் குறியுங்கள்.

இச்சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. பத்தாவதாக ஒரு பெட்டியில் தாராளமான ஈரலோடு நூறு புழுக்களை வளர்த்து, மூன்றாம் பருவம் தொடங்கியதிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துப் புழுக்களை எடுத்து எடையிட்டு, உணவில்லாத மரத்தூளில் விடுங்கள். முதலில் எடுத்தவை பெரும்பாலும் மடியும். ஒரு குறிப்பிட்ட எடையைக் கடந்தவையோ, பட்டினியிலும் சிறிய கூடு கட்டிவிடும். அந்த எடைக்குப் பின் தின்னும் ஒவ்வொரு கவளமும் உடலைப் பெருக்குவதற்கே; முதிர்வதற்கு அது கட்டாயமன்று.

கூடு முதலில் வெண்மையாக இருந்து, பழுப்பேறிக் கெட்டிப்படும். மறுநாள் எடையிடுங்கள், தராசு 0.01 கிராம் வரைதான் காட்டுமெனில், பத்துக் கூடுகளைச் சேர்த்து நிறுத்து வகுங்கள். மடிந்தவற்றையும் எண்ண வேண்டும், ஏனெனில் பிழைத்தவற்றின் சராசரி மட்டும் நெரிசலின் கடுமையை மறைத்துவிடும்.

300 புழுப் பெட்டியில் கூடுகள் சிறுத்திருக்கும். புழுக்கள் முன்னதாகவே இறங்கவும் கூடும். ஆனால் நெரிசல் எப்போதும் கேடே என்று எண்ண வேண்டாம். புழுக்கள் செரிமானச் சாற்றை வெளியே சுரந்து இறைச்சியைக் கரைத்தே உண்பதால், ஓரளவு கூட்டம் ஒவ்வொன்றுக்கும் உதவியாகிறது. ஆகவே 90 புழுப் பெட்டி 30 புழுப் பெட்டியை முந்தினால் கணக்கு தவறிவிட்டதாகக் கருதி அடித்துவிடாதீர்கள். பிணத்திலுள்ள புழுக்களின் வயதைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்கும் தடயவியலிலும் இதே கவனம் தேவை: நெரிசலில் சிறுத்த புழுவை நீளத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால் அதன் வயது குறைவாகத் தோன்றும். அளவுகோலை எடுக்கும் முன் பின்முனைப் பிளவுகளை எண்ணிவிடுங்கள்.