அலர்ஜி ஊசி: எங்கே சறுக்குகிறோம்?

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், அப்புறம் நாள் முழுக்க மூக்கடைப்பு. செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டுபவர்களிடம் டாக்டர் ஒருநாள் இம்யூனோதெரபி, அதாவது அலர்ஜி ஊசி பற்றிப் பேசுவார். ஒவ்வாத பொருளையே துளியளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இது. 1911-இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தத்தை வைத்து இதைச் செய்து காட்டினார். நூறு வருடத்துக்கு மேல் பழகிய வைத்தியம்தான். ஆனாலும் நாம் சொதப்புகிறோம்.

முதல் சறுக்கல் டெஸ்ட்டில். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கரப்பான், கத்தரிக்காய், தூசிப்பூச்சி என்று வரிசையாக 'பாசிட்டிவ்' இருக்கும். அத்தனைக்கும் ஊசி கேட்காதீர்கள். பாசிட்டிவ் என்றால் ரத்தத்தில் அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ என்ற அலர்ஜி ஆன்டிபாடி இருக்கிறது, அவ்வளவுதான். மெத்தையை உதறும்போது தும்மலும் வந்தால்தான் தூசிப்பூச்சி மேல் சந்தேகப்படலாம். உணவு அலர்ஜிக்கு இந்த ஊசி போடுவதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் என்றால், அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் தடிப்பே எழும்பாது.

பார்க்கவே எரிச்சலாக இருப்பது, ஊசி போட்ட கையோடு பைக்கைக் கிளப்புவது. 30 நிமிடம் உட்காரச் சொல்வது சும்மா இல்லை. ஆபத்தான எதிர்வினை பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் தலைகாட்டும். ஊசி போட்ட இடத்தில் கொஞ்சம் வீங்கி அரிப்பது சகஜம். உள்ளங்கை அரிப்பு, தொண்டை இறுக்கம், இருமல், உடம்பெங்கும் தடிப்பு என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தொடையில் அட்ரினலின் என்ற உயிர்காக்கும் ஊசி போட வேண்டியிருக்கும். அது கிளினிக்கில் தயாராக இருக்கும், டிராஃபிக் சிக்னலில் இருக்காது. அன்றைக்கு ஜிம்முக்கும் லீவு விடுங்கள்.

அன்று வீசிங் இருந்தால் மறைக்காதீர்கள். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஊசி ஆபத்து. பிபி மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை அட்ரினலினைச் சரியாக வேலை செய்ய விடாது.

நாலு மாதத்தில் மூக்கு திறந்ததும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பலன் நிலைக்க 3 முதல் 5 வருடம் வேண்டும். ஊருக்குப் போய் சில ஊசிகள் தவறினால், விட்ட அளவிலேயே தொடரச் சொல்லாதீர்கள். இடைவெளியைப் பார்த்து டாக்டர் அளவைக் குறைத்துத்தான் மறுபடி ஏற்றுவார்.