கழுத்தில் தொடங்கும் ஐஸ்லாந்து ஸ்வெட்டர்: முதல் முறை பின்னுபவர்களுக்கு

தோளைச் சுற்றி வட்டமாக வண்ணக் கோலம் ஓடும் ஐஸ்லாந்து ஸ்வெட்டரை அந்நாட்டினர் லோபாபேய்சா என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவிய வடிவம் இது. வழக்கமாக இடுப்பில் தொடங்கி மேலே பின்னுவார்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது எதிர்வழி: கழுத்திலிருந்து கீழே. நடுநடுவே போட்டுப் பார்த்து நீளத்தை முடிவுசெய்யலாம். நேர்ப்பின்னலும் (knit) மறுபின்னலும் (purl) தெரிந்தால் போதும்.

நூல்: லெட்லோபி கம்பளி. ஒரு கண்டு 50 கிராம், 100 மீட்டர். நடுத்தர அளவுக்கு அடிப்படை நிறத்தில் எட்டு அல்லது ஒன்பது கண்டு, கோலத்துக்கு இரண்டு நிறங்களில் ஒவ்வொன்று. நிறங்களை அருகருகே வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கோலம் எடுபடாது. ஊசி: 4.5 மி.மீ. வட்ட ஊசி, 40 செ.மீ. ஒன்று, 80 செ.மீ. ஒன்று, கழுத்து, இடுப்பு, மணிக்கட்டுப் பட்டைகளுக்கு 3.5 மி.மீ.

முதலில் ஒரு மாதிரித் துண்டு. அதையும் வட்டமாக, இரு நிறத்தில் பின்னி, அலசிக் காயவைத்து அளவெடுங்கள். 10 செ.மீ.க்கு 18 கண்ணி (stitch), 24 சுற்று வரவேண்டும். கண்ணி கூடினால் ஊசியைப் பெரிதாக்குங்கள். இதைத் தவிர்ப்பவர்களுக்கு என்னிடம் அனுதாபம் இல்லை.

ஸ்வெட்டரின் மார்புச் சுற்றளவு 100 செ.மீ. என்றால் உடலுக்கு 180 கண்ணி. கழுத்துக்கு அதில் 40 சதவீதம், அதாவது 72. தளர்வாக ஏற்றி, முறுக்கில்லாமல் வட்டமாக இணைத்து, இரண்டு நேர், இரண்டு மறு என்று 3 செ.மீ. பட்டை. பெரிய ஊசிக்கு மாறி உடனே முதல் கூட்டல் சுற்று: மூன்று கண்ணிக்கு ஒன்று கூட்டினால் 96. எட்டுச் சுற்று கழித்து இரண்டுக்கு ஒன்று: 144. பன்னிரண்டு கழித்து மூன்றுக்கு ஒன்று: 192. பதினாறு கழித்து நான்குக்கு ஒன்று: 240. அதன்பின் கூட்டாமல் இன்னும் பதினாறு சுற்று. இந்த எண்கள் எல்லாம் எட்டால் வகுபடும். எனவே எட்டுக் கண்ணிக் கோலம் எதுவும் பிசகாமல் அமரும். கூட்டல் சுற்றுகளை ஒரே நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுவதற்கு, இரு கண்ணிகளுக்கு நடுவே கிடக்கும் நூலை ஊசியில் தூக்கி முறுக்கிப் பின்னுங்கள். முறுக்காவிட்டால் ஓட்டை விழும்.

கோலத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் வழக்கமான படம் கீழிருந்து மேலே பின்னுவதற்கு வரையப்பட்டது. அதை மேல் வரியிலிருந்து படியுங்கள்.

இனி வண்ணம். ஒரு சுற்றில் இரண்டு நிறமே. பயன்படாத நூல் பின்பக்கம் கிடையாக ஓடும். அது இறுகினால் ஸ்வெட்டர் சுருங்கித் தலைவழியே நுழையாது. நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரல்களால் விரித்துவிடுங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் ஓட நேர்ந்தால் நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு முறுக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் இறுகினால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஊசியை ஒரு அளவு பெரிதாக்கலாம். இன்னொன்று: பின்பக்கம் கீழே ஓடும் நூலின் நிறமே முன்பக்கம் தூக்கலாகத் தெரியும். கோல நிறத்தை எப்போதும் கீழேயே பிடியுங்கள். நடுவில் இடம் மாற்றினால் கோலம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

240 கண்ணியில் கடைசிப் பதினாறு சுற்றும் முடிந்ததும் உடல், கை என்று பிரிக்கலாம். முன்னும் பின்னும் 75, கைக்கு 45 வீதம். கைக்கண்ணிகளைத் தனி நூலில் கோத்து வைத்து, ஒவ்வொரு அக்குளிலும் புதிதாக 15 ஏற்றினால் உடல் 180 ஆகிவிடும். பின்னிக்கொண்டே போய், அக்குளிலிருந்து 38 செ.மீ. ஆனதும் 5 செ.மீ. பட்டையோடு முடியுங்கள்.

கைக்கு, கோத்த 45 கண்ணிகளோடு அக்குளில் 15 எடுத்தால் 60. மூலையில் இடைவெளி தெரிந்தால் அங்கே ஒன்று கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் குறையுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணி குறைத்து 40க்கு வந்ததும் மணிக்கட்டுப் பட்டை.

கடைசியில் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.