கிரெடிட் கார்டு பாயிண்ட்டை உருப்படியா காசாக்குறது எப்படி (நான் 3,600 ரூபா விட்ட கதையோட)

போன வருஷம் என் கார்டுல 12,000 பாயிண்ட் சேர்ந்து கிடந்துச்சு. ஆப்ல ஸ்டேட்மென்ட் கிரெடிட்னு ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்கிட்டேன், பில்லுல 2,400 ரூபா கழிஞ்சுது. அதுக்கும் ரிடெம்ப்ஷன் ஃபீஸ்னு 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் போட்டாங்க, சரி சும்மா வந்த காசுதானேன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு சென்னைக்கு ஃப்ளைட் டிக்கெட் பாக்குறேன், அதே பேங்க்கோட டிராவல் போர்ட்டல்ல அதே பாயிண்ட் ஒண்ணு 50 பைசான்னு காட்டுது. 6,000 ரூபா டிக்கெட்டுல கழிஞ்சிருக்கும். வயித்தெரிச்சல் அடங்கவே ஒரு வாரம் ஆச்சு.

அதனால பாயிண்ட் எண்ணிக்கையைப் பாத்து மயங்காதீங்க. ஒரு பாயிண்ட் எங்க மாத்தினா எத்தனை பைசா, அதை மட்டும் முதல்ல கண்டுபிடிங்க. என் கார்டுல 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட். 20 பைசாவுக்கு மாத்தினா 150-க்கு 80 பைசா, அதாவது 0.53%. 50 பைசாவுக்கு மாத்தினா 2 ரூபா, 1.33%. கேட்லாக்ல மிக்ஸி, பேக், ஹெட்ஃபோன்னு காட்டுவாங்க, அந்தப் பொருளோட விலையை வெளியில பாத்துட்டு பாயிண்ட்டால வகுத்துப் பாருங்க, பல நேரம் 20 பைசா கூட தேறாது. ஃப்ளைட்டுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, போர்ட்டல்ல டிக்கெட் விலையே 400, 500 ரூபா கூட இருக்கலாம், ஏர்லைன் சைட்டை இன்னொரு டேப்ல திறந்து வச்சு பாத்துட்டு அப்புறம் புக் பண்ணுங்க. மொத்த டிக்கெட்டையும் பாயிண்ட்டுலயே எடுக்க விடாம ஒரு பங்கை கார்டுலதான் கட்டணும்னு சொல்ற பேங்க்கும் உண்டு.

இந்தக் கணக்கெல்லாம் தலைவலின்னா பேசாம கேஷ்பேக் கார்டு வாங்கிக்கோங்க, தப்பே இல்ல. எங்க வீட்டுல அவங்க அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுதான் வச்சிருக்காங்க, வருஷ ஃபீஸ் கிடையாது, பிரைம் இருந்தா அமேசான்ல 5%, இல்லன்னா 3%, காசு பே பேலன்ஸா வந்துடும். நான் எக்செல் போட்டு மண்டையை உடைச்சிக்கிறதைப் பாத்து சிரிப்பாங்க, அவங்க சிரிக்கிறதுல நியாயம் இருக்கு.

ஃபீஸ் இருக்குற கார்டுன்னா ஜிஎஸ்டி 18% சேர்த்து கணக்கு போடுங்க. 999 ரூபா ஃபீஸ்னா கையை விட்டு போறது 1,179. 5% கேஷ்பேக்ல அதை எடுக்கவே வருஷத்துக்கு கிட்டத்தட்ட 23,600 ரூபா செலவு பண்ணணும், அதுக்கு மேலதான் லாபம்.

அடுத்து, எதுக்கெல்லாம் பாயிண்ட் வராதுன்னு பாருங்க. பெட்ரோல், வாடகை, வாலட்ல காசு போடுறது, இதுக்கெல்லாம் பெரும்பாலான கார்டுல ஒண்ணும் கிடையாது. இன்சூரன்ஸ், கரன்ட் பில், அரசாங்கத்துக்குக் கட்டுற வரி இதெல்லாம் கார்டுக்கு கார்டு மாறும். இஎம்ஐ-ல வாங்கினாலும் பல இடத்துல பாயிண்ட் வராது, நோ காஸ்ட்னு போட்டிருந்தாலும் வட்டி மேல ஜிஎஸ்டி வரும், பிராசஸிங் ஃபீஸும் வரும். பொருளை ரிட்டர்ன் பண்ணா வந்த பாயிண்ட்டும் திரும்பிப் போயிடும்.

கடையில "கார்டுன்னா 2% எக்ஸ்ட்ரா சார்"னு சொன்னா யோசிக்காம பணமாவோ அக்கவுன்ட்ல இருந்து ஜிபேயாவோ குடுத்துடுங்க. 1.33% வாங்குறதுக்கு 2% குடுத்தா யாருக்கு லாபம்? வெளிநாட்டு சைட்டுலயும் இதே கதைதான், வெளிநாட்டுக் காசுல வாங்குறதுக்கு பேங்க் போடுற கூடுதல் கட்டணம் (மார்க்அப்) 3.5% இருக்குற கார்டுல ஜிஎஸ்டியோட 4.13% போகும்.

சின்னச் சின்ன செலவுக்கு ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-ல சேத்துக்கலாம். மளிகைக்கடை, டிபன் கடை க்யூஆர்ல ஸ்கேன் பண்ணா போதும், ஆனா அது வியாபாரி க்யூஆரா இருக்கணும், ஆள் பேர்ல இருக்குற சாதா க்யூஆர்ல போகாது. நம்ம தெருவுல காய் விக்கிற அக்காகிட்ட நான் மூணு தடவை ட்ரை பண்ணி பின்னாடி நின்னவங்ககிட்ட திட்டு வாங்கினதுதான் மிச்சம். இன்னொண்ணு, 150-க்கு இவ்வளவுன்னு குடுக்குற கார்டுல 140 ரூபா பில்லுக்கு பூஜ்யம்தான், அதனால அந்த மாதிரி சில்லறை செலவை 100-க்கு இவ்வளவுன்னு குடுக்குற கார்டுலயோ கேஷ்பேக் கார்டுலயோ போடுங்க.

இதெல்லாம் முழு பில்லையும் தேதிக்குள்ள கட்டுறவங்களுக்கு மட்டும். பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகையை (மினிமம் டியூ) மட்டும் கட்டிட்டு மீதியைத் தள்ளுறவங்க பாயிண்ட் பக்கமே திரும்பாதீங்க. மாசம் 3.5% வட்டின்னு வைங்க, 40,000 ரூபா பாக்கிக்கு ஒரு மாச வட்டி 1,400, ஜிஎஸ்டி 252, ஆக 1,652 ரூபா. அதே 40,000 செலவுக்கு நல்லா மாத்தினாலும் வர்ற பாயிண்ட் 530 ரூபா சொச்சம். அது போக, பாக்கி இருக்குற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். ஆட்டோ டெபிட்ல டோட்டல் டியூவை போட்டு வைங்க, மினிமம்னு செட் ஆயிருக்கான்னு ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

"உங்க பாயிண்ட் இன்னைக்கு ராத்திரி எக்ஸ்பயர் ஆகுது"ன்னு லிங்க்கோடவோ ஏபிகே ஃபைலோடவோ (போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) மெசேஜ் வந்தா தொடவே தொடாதீங்க. எக்ஸ்பயரி தேதி பேங்க் ஆப்லயே இருக்கும், அங்க போய் பாருங்க. மாட்டிக்கிட்டா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க, பேங்க்குக்கும் சொல்லி கார்டை பிளாக் பண்ணுங்க.

கார்டே வேணாம்னு க்ளோஸ் பண்றதா இருந்தா பாயிண்ட் எல்லாத்தையும் மாத்தி, அது கைக்கு வந்ததுக்கு அப்புறம் ரிக்வெஸ்ட் போடுங்க, பல பேங்க்ல கார்டோட பாயிண்ட்டும் காலி ஆயிடும். பாக்கி எதுவும் இல்லன்னா 7 வேலை நாளுக்குள்ள க்ளோஸ் பண்ணியாகணும், இல்லன்னா நாளுக்கு 500 ரூபா உங்களுக்கு அவங்க தரணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. கஸ்டமர் கேர்ல இழுத்தடிச்சா இதை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க.