ஆர்டருக்குள்ளேயே விலையை எழுதி வையுங்கள்

மளிகைக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் வசதி செய்துகொடுப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. ஆர்டர் டேபிளில் (ஆர்டர்களைப் பதிந்து வைக்கும் தரவுத்தள அட்டவணையில்) பொருளின் அடையாள எண்ணையும் எத்தனை என்பதையும் மட்டும் போட்டுவிட்டு, விலையையும் வரி சதவீதத்தையும் பொருள் டேபிளிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். 'ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே' என்ற பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பியதன் விளைவு!

2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மேலே சொன்னபடி கட்டிய கடையில் வரியை மாற்றியதும், பழைய ஆகஸ்ட் பில்லைத் திரும்ப எடுத்தால் அதிலும் 5 சதவீதம்தான் அச்சாகும். ஆடிட்டருக்கு ஒரு கணக்கு, வாடிக்கையாளர் கையில் வேறொரு கணக்கு.

அதனால் ஆர்டர் உறுதியாகும்போதே பொருளின் பெயர், எம்ஆர்பி, விற்ற விலை, தள்ளுபடி, வரி சதவீதம் எல்லாவற்றையும் அந்த ஆர்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பதிவில் நகலெடுத்து வையுங்கள். பிறகு அதை யாரும் தொடக் கூடாது. சரக்கு திரும்பி வந்தாலும் அந்தப் பதிவில் உள்ள தொகையைத்தான் திருப்பித் தர வேண்டும்.

தொகையைப் பைசாவில், முழு எண்ணாகச் சேமியுங்கள். ஃப்ளோட்டில் (கணினி தசம எண்களைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் வகையில்) 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது.

காய்கறி விற்கிறீர்களா? அரைக் கிலோ கத்தரிக்காய் தராசில் 520 கிராம் நிற்கும். கேட்ட எடைக்கு டேபிளில் ஒரு நெடுவரிசை, கட்டிய எடைக்கு இன்னொரு நெடுவரிசை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.